பந்தைக் கொஞ்சம் அவன் கையிலிருந்து வாங்குங்கள்

வேகப்பந்து வீசும் பையனுக்கு இடுப்பு வலித்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் நான், மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெற்றோரிடமும் கோச்மாரிடமும் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. இந்த வாரம் மறுபடியும் ஒரு பையன் வந்தான்.

வயது 16. வலது கை வேகப்பந்து, நான்காம் இலக்கத்தில் துடுப்பாட்டம். பாடசாலையில் 17 வயது அணியிலும் இருக்கிறான், 19 வயது அணியிலும் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து அணிக்கு மென்பந்து. இரண்டு மாதமாக இடுப்பில் வலி. தைலம் தேய்த்து, சுளுக்கு உருவி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு விளையாடியிருக்கிறான். "குனிஞ்சு நிமிர்றான் மிஸ், ஓடுறான், ஒண்ணும் தெரியல. பந்து போட்டா மட்டும்தான் வலிக்குதாம்" என்றார் அம்மா.

குனியச் சொன்னேன். விரல் தரையைத் தொட்டது, வலி இல்லை. இடது காலில் மட்டும் நின்று மெதுவாகப் பின்பக்கம் வளையச் சொன்னேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, கை தானாக இடுப்பின் இடப்பக்கத்துக்குப் போய், ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். வலது கையால் வீசுகிறவனுக்கு இடது பக்கம், ஒரு விரலில் காட்டும்படியான வலி, பின்னால் வளைந்தால் மட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கக் கண்டிக்கு அனுப்பினோம். நாரியின், அதாவது கீழ்முதுகின், கடைசி முள்ளெலும்பில் வெடிப்பு. இது ஒரே நாளில் விழுந்து முறிந்ததல்ல. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள இடம் கொடுக்காமல் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றியதால் வந்தது. ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

(எம்.ஆர்.ஐ. படம் எழுதிக்கொடுக்கும் டொக்டர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'நாரி வலி' என்று மட்டும் எழுதினால் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளைப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். 'வேகப்பந்து வீச்சாளர், பார்ஸ் வெடிப்பா என்று பார்க்கவும்' என்று எழுதுங்கள். பார்ஸ் என்பது முள்ளெலும்பின் பின்பக்கத்து ஒடுங்கிய பகுதி. கொழுப்பை மறைத்து எடுக்கும் படங்களும் கட்டாயம் வேண்டும்.)

இனி, எனக்குப் பொறுக்கவே முடியாத பேச்சுக்கு வருகிறேன். "நம்ம பிள்ளைங்க மலை ஏறி இறங்கின உடம்பு, கொழுந்துக் கூடை சுமந்த பரம்பரை, டவுன் பிள்ளைங்க மாதிரி இல்ல, தாங்கும்." அப்பாமார் சொல்கிறார்கள், மாஸ்டர்மார் சொல்கிறார்கள், பையன்களே சொல்கிறார்கள். மலை ஏறினால் தொடை பலமாகும், மூச்சு பலமாகும். அது உண்மை. ஆனால் வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் குத்தும் அந்த நொடியில் உடல் எடையைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை காலில் ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகுகிறது. இப்படியொரு வேலையை எந்த மலை ஏற்றமும் உடம்புக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. 16 வயதில் அந்த இடத்து எலும்பு இன்னும் முற்றவும் இல்லை. அது முற்றி உறுதிப்பட இருபது வயது தாண்டவேண்டும். அம்மா கூடை சுமந்ததால் மகனின் முள்ளெலும்பு முன்கூட்டியே முற்றிவிடாது. சொல்லப்போனால் பலமான பையனுக்குத்தான் ஆபத்து அதிகம். தசை வளர்ந்துவிட்டது, வேகம் வந்துவிட்டது, எலும்பு பின்னால் நிற்கிறது. நமது மைதானங்களையும் யோசித்துப் பாருங்கள். பாதி இடங்களில் சிமெந்தின் மேல் மெட் விரித்த பிட்ச், ஓடிவரும் வழி இறக்கம், காலில் அடி தேய்ந்த கென்வஸ் சப்பாத்து. அந்தக் குத்தையெல்லாம் முதுகுதான் வாங்குகிறது.

சகலதுறை வீரன் என்றால் இன்னொரு சிக்கல். துடுப்பாட்டக்காரன் ஆட்டமிழந்தால் உட்காருவான். பந்துவீச்சாளனுக்கு நாலு நாள் ஓய்வு என்றால் நாலு நாளும் ஓய்வு. இவனை மட்டும் யாரும் விடமாட்டார்கள். இந்தப் பையனின் அப்பா, வாரத்துக்கு 12 ஓவர்தான் என்றார். நானும் பையனும் உட்கார்ந்து கூட்டினோம். சனிக்கிழமை மெச்சில் 12. ஞாயிறு மென்பந்தில் மூன்று மெச், தலா 2. செவ்வாயும் வியாழனும் நெட்ஸில் ஒவ்வொரு நாளும் பத்துப் பதினொரு ஓவர். கிட்டத்தட்ட 40. அப்பா முகம் வாடிவிட்டது. அவர்மேல் தப்பில்லை. மூன்று அணிக்காரர்களும் தங்கள் பங்கை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

பந்துவீச்சைக் குறைத்தால் எதிர்காலம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இலங்கையின் சகலதுறை வீரர் அஞ்சலோ மத்யூஸைப் பாருங்கள். 2009 இருபதுக்கு இருபது உலகக் கிண்ண அரையிறுதியில் மேற்கிந்தியத் தீவுகளின் மூன்று விக்கெட்டுகளை முதல் ஓவரிலேயே எடுத்தவர். 2014இல் ஹெடிங்லியில் முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட், இரண்டாம் இன்னிங்ஸில் 160 ஓட்டம். இங்கிலாந்து மண்ணில் தொடரையே வென்று தந்த டெஸ்ட் அது. ஆனால் உடம்பு அவரைச் சும்மா விடவில்லை. 2011 உலகக் கிண்ண இறுதிப்போட்டியைத் தொடைத் தசைக் காயத்தால் இழந்தார். பிறகும் தொடையிலும் கெண்டைக்காலிலும் காயம் காயமாக வந்தது. அவருக்கு வந்தது தசைக் காயம், நம் பையன்களுக்கு வருவது எலும்பு வெடிப்பு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் காட்ட விரும்புவது அதற்குப்பின் நடந்ததை. பந்துவீச்சைப் படிப்படியாகக் குறைத்தார், ஒரு கட்டத்தில் அநேகமாக விட்டேவிட்டார். 2019 உலகக் கிண்ணத்தில் ஒன்றரை வருடமளவு வீசாமல் இருந்து பந்தைக் கையில் எடுத்தார். முதல் பந்திலேயே, 118 ஓட்டத்தோடு மிரட்டிக்கொண்டிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் நிக்கலஸ் பூரன் ஆட்டமிழந்தார். 2025 ஜூனில் காலியில் டெஸ்டிலிருந்து விடைபெறும்போது 119 டெஸ்ட், 8,214 ஓட்டம், 16 சதம். விக்கெட் 33தான். 33 என்பதைப் பார்த்து யாராவது அவரைத் தோற்றவர் என்பார்களா?

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இங்கிலாந்து கிரிக்கெட் சபை நீண்டகாலமாக வைத்திருந்த கணக்கு இது: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் தொடர்ச்சியாக 6, நாளுக்கு 12. 16, 17 வயதில் தொடர்ச்சியாக 7, நாளுக்கு 18. அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் வீசக்கூடாது. வாரத்தில் நாலு நாளுக்கு மேல் கூடாது. நெட்ஸையும் இதில் சேர்த்தே எண்ணுங்கள். மென்பந்தையும் சேருங்கள். பந்துதான் மென்மை, முன்கால் குத்துவது அதே குத்துத்தான். லீவு முடிந்து வந்த வாரமே பழைய அளவுக்குப் போகாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாடசாலைகளின் வருடாந்தப் பெரிய போட்டியான பிக் மெச்சுக்கு முந்தைய வாரம் நெட்ஸில் வெறிபிடித்ததுபோல் வீசவைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பந்துவீசும்போது ஒரே பக்கத்தில் வலி, இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால் வீசுவதை அன்றே நிறுத்துங்கள். உருவிவிடாதீர்கள். மாத்திரை கொடுத்து இறக்காதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே பொருந்திவிடும். குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது, முழு வேகத்துக்கு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வலியை மறைத்து வீசிக்கொண்டே போனால் அடுத்த பக்கமும் வெடிக்கும், அப்புறம் முள்ளெலும்பே முன்னால் நழுவலாம்.

மாஸ்டர்மாரே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடு, இருக்கும் ஒரே வேகப்பந்துக்காரனும் அவன்தான். அவன் வலி என்று சொல்லமாட்டான், சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுவான். நீங்களாகக் கேளுங்கள். மற்ற அணி மாஸ்டருக்கும் தோட்டத்து அணிக் கெப்டனுக்கும் ஒரு கோல் எடுத்து, இந்த வாரம் எத்தனை ஓவர் வீசினான் என்று விசாரியுங்கள்.

பெற்றோர் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். தினமும் எத்தனை பந்து, எந்த மைதானம், வலி இருந்ததா, இவ்வளவு எழுதினால் போதும். பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிகூட எண்ணலாம். என்னிடமோ வேறு பிசியோவிடமோ அழைத்து வரும்போது எக்ஸ்ரேயோடு அந்தக் கொப்பியையும், அவன் பந்துவீசும்போது போடும் அதே சப்பாத்தையும் எடுத்து வாருங்கள். கழுவவேண்டாம், அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.