ஏஐ ஏஜென்ட் கையில் ஏபிஐ ஆவணம்: எங்கே சறுக்கும், எப்படிச் சோதிப்பது?

ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைக்கும் வழி; அதன் ஆவணத்தில் சந்தேகம் வந்தால் புரோகிராமர் பக்கத்து இருக்கையில் கேட்பார், பழைய நிரலைப் புரட்டுவார், சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைச் சூழலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். மொழி மாடலைக் கொண்டு தானே வேலை செய்யும் ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது டூலின் (அது அழைக்கக்கூடிய ஏபிஐ செயலின்) பெயர், சில வரி விளக்கம், பாராமீட்டர்களின் (அனுப்ப வேண்டிய மதிப்புகளின்) வடிவத்தைச் சொல்லும் ஜேசான் ஸ்கீமா, அவ்வளவுதான். ஆவணம் சொல்லாமல் விட்டதை அது ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஊகித்தேன் என்று பெரும்பாலும் சொல்லாது. அதனால் தரம் பார்ப்பவர் தேட வேண்டியது நல்ல நடையை அல்ல, ஊகத்துக்கு இடம் விட்ட ஓட்டைகளை.

பணத்தைத் திருப்பித் தரும் ரீஃபண்ட் டூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 'அமௌன்ட்' என்ற பாராமீட்டருக்கு 'திருப்பித் தர வேண்டிய தொகை, முழு எண்' என்று எழுதியிருக்கிறது. ஏபிஐ ஆவணத்தை விதிகளின்படி தானாகச் சரிபார்க்கும் ஸ்பெக்ட்ரல் போன்ற லின்டர் இதைத் தடுக்காது, விளக்கம்தான் இருக்கிறதே! ஆனால் ரேஸர்பே, ஸ்ட்ரைப் ஆகிய பணப் பரிமாற்றச் சேவைகள் இரண்டிலும் தொகை அந்தந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் போக வேண்டும். 500 ரூபாய்க்கு 50000 பைசா. ஏஜென்ட் 500 என்று அனுப்பினால் வாடிக்கையாளருக்குப் போவது 5 ரூபாய். எரர் எதுவும் வராது, பதிலும் 'வெற்றி' என்றே இருக்கும். சரி, எப்போதும் நூறால் பெருக்கு என்று எழுதிவிடலாமா? ஸ்ட்ரைப்பில் ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு கிடையாது. அங்கே 500 என்றால் 500 யென்தான்.

எழுத வேண்டியது இப்படி: 'நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண். 500 ரூபாய்க்கு 50000. 500 யென்னுக்கு 500. கொடுக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பப்படும்.' கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாயமில்லாத பாராமீட்டரை விட்டால் என்ன நடக்கும் என்பது ஏஜென்ட்டுக்கு மற்ற எதையும்விட முக்கியம்.

நேரமும் அப்படித்தான். யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவது) என்றால் விநாடியா, மில்லிவிநாடியா? 'நேற்றைய ஆர்டர்கள்' என்று கேட்கும்போது சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கணக்கிட்டால், இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வந்தவை முந்தைய நாளில் போய் விழும். ஆர்டரின் நிலைக்கு எந்தெந்தச் சொற்கள் செல்லும் என்ற பட்டியல் (enum) இல்லாவிட்டால் 'கேன்சல்ட்' என்பதை ஏஜென்ட் ஒற்றை எல் போட்டு ஒருமுறை, இரட்டை எல் போட்டு ஒருமுறை அனுப்பக்கூடும்.

எரர் செய்தியும் ஆவணத்தின் பகுதிதான். ஏஜென்ட் அதைப் படித்துத்தான் அடுத்த அடி வைக்கிறது. வெறும் 400 என்ற எரர் எண்ணும் 'தவறான கோரிக்கை' என்பதும் மட்டும் வந்தால் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பக்கூடும். எந்தப் பாராமீட்டர், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்ற மூன்றும் செய்தியில் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கோரிக்கைகள் வந்துவிட்டன என்னும் 429 வந்தால் எத்தனை விநாடி பொறுப்பது என்பதும் வேண்டும். பதில் வராமலே நேரம் கடந்துவிடும் டைம்அவுட் இதைவிட ஆபத்தானது. ரீஃபண்ட் உள்ளே முடிந்துவிட்டதா என்று தெரியாமல் ஏஜென்ட் மறுபடி அழைத்தால் பணம் இரண்டு முறை போகலாம். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் ஒருமுறை மட்டும் நடக்கச் செய்யும் ஐடெம்பொட்டன்சி கீ உண்டா, மறுமுயற்சியில் அதே கீயைத்தான் அனுப்ப வேண்டுமா என்பதை டூல் விளக்கத்திலேயே எழுதுங்கள்.

சோதிக்கும் முறைக்கு வருவோம். வாடிக்கையாளர் பேசும் மொழியிலேயே 25 வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் ஐந்து, இந்த டூல்களால் செய்யவே முடியாதவையாக இருக்கட்டும்; இன்னும் ஐந்தில் ஆர்டர் எண் போன்ற அவசியமான தகவல் விடுபட்டிருக்கட்டும். முதல் வகையில் ஏஜென்ட் முடியாது என்று சொல்ல வேண்டும், இரண்டாவதில் கேட்க வேண்டும். ஆவணத்தைத் தவிர வேறு குறிப்பு கொடுக்காமல், சாண்ட்பாக்ஸில் ஒவ்வொரு வேலையையும் ஐந்து முறை ஓட்டுங்கள். ஒருமுறை சரியாக வந்தது எதற்கும் சாட்சி இல்லை.

சரியான டூலை எடுத்ததா, மதிப்புகள் சரியா, எரருக்குப் பின் மீண்டதா என்ற மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். ஏஜென்ட் தவறான டூலை எடுத்தால் பெரும்பாலும் பெயர்களும் விளக்கங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 'ஆர்டரைத் தேடு', 'ஆர்டர் விவரம் எடு' இரண்டிலும் எதை எப்போது பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி சரியாகும். மதிப்பு தவறினால் பாராமீட்டர் விளக்கத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றி, எல்லா வேலைகளையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு டூலை அழகாக்கினால் பக்கத்து டூலின் வேலையையும் அது பிடுங்கிக்கொள்வதுண்டு.

மற்றொரு மொழி மாடலிடம் ஆவணத்தைக் கொடுத்துப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது வீண் வேலை. பைசாவா ரூபாயா என்று சொல்லாத ஆவணமும் சரளமாக இருந்தால் எட்டு வாங்கிவிடும். அதைவிட, ஆவணத்திலுள்ள மாதிரிக் கோரிக்கைகளை ஒவ்வொரு வெளியீட்டிலும் தானாக ஓட்டிப் பார்ப்பது பயன் தரும். ஆவணத்தின் ஸ்பெக்கும் (எழுதிவைத்த வரையறையும்) சர்வரும் விலகிய இடம் அங்கே தெரிந்துவிடும்.

ஏஜென்ட்டுக்கு டூல்களை இணைத்துத் தரும், வெளியார் நடத்தும் எம்சிபி சர்வர்களில் இன்னொரு கண்ணும் தேவை. டூல் விளக்கம் நேராக மாடலின் சூழலுக்குள் போவதால், அதற்குள் கட்டளையை ஒளித்துவைக்க முடியும். டூல் எதையும் மாற்றாது என்று சொல்லும் 'படிக்க மட்டும்' என்ற குறிப்பும் சர்வர் தானே சொல்லிக்கொள்வது. அதை நம்பி அனுமதி கொடுக்கக்கூடாது. விளக்கங்களைப் பதிப்போடு சேமித்து, மாறியிருந்தால் ஓர் ஆள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஏஜென்ட்டுக்குத் திறந்துவிடுங்கள்.