ஆர்ட் தெரபி: தமிழில் எப்படிச் சொல்வது?

பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்த்த நாய் செத்துப்போனால் அலுவலகத்தில் லீவு கேட்க வாய் வராது. 'ஒரு நாய்க்கா இவ்வளவு?' என்பார்கள். துக்கம் விசாரிக்கவும் யாரும் வருவதில்லை. இத்தனைக்கும் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவர் கால நடுகல்லில், வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாயையும் பெயரோடு செதுக்கி வைத்த ஊர் நம்முடையது.

இப்படி வெளியே சொல்ல முடியாத துக்கத்துக்கு இப்போது ஆர்ட் தெரபியும் ஒரு வழியாக இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க, வாயால் சொல்ல வராததை வரைந்தோ களிமண்ணில் பிசைந்தோ வெளியே கொண்டுவருவது அது. காலியாகக் கிடக்கும் சோற்றுக் கிண்ணத்தை வரையலாம். கழுத்துப்பட்டையை வைக்க ஒரு பெட்டி செய்யலாம். படம் அழகாக வரவேண்டியதில்லை. வீட்டில் தனியாக வண்ணம் தீட்டுவதும் மனதுக்கு நல்லதுதான், ஆனால் அது தெரபி ஆகாது.

இந்தப் பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது, படுக்கைக்கு அருகே கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து தேறியவர். அப்புறம் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

'தெரபி'யின் வேர் 'தெரபேயா' என்ற கிரேக்கச் சொல். குணப்படுத்துவது என்ற பொருளோடு, கூட இருந்து பணிவிடை செய்வது என்ற பொருளும் அதற்கு உண்டு. 'தெரபோன்' என்றால் உடனிருந்து பணி செய்பவன். இந்த ஆளைக் குறளும் மறக்கவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' என்கிறது. உழை என்றால் பக்கம்.

சரி, தமிழில்? 'கலைச் சிகிச்சை' புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. நாய்க்காக அழுவது வியாதியா என்ன? 'கலைவழி ஆற்றுப்படுத்தல்' என்பது என் தேர்வு. கவுன்சலிங்குக்கு ஏற்கெனவே அந்தச் சொல்லைத்தான் பலர் எழுதுகிறார்கள். அதில் வரும் 'ஆறு' வழியைக் குறித்தாலும், காதில் 'ஆறுதல்' சேர்ந்தே கேட்கிறது. நீளம்தான். 'கலை ஆற்றுகை' என்று சுருக்கப் பார்த்தேன். இலங்கைத் தமிழில் ஆற்றுகை என்றால் மேடையில் நிகழ்த்துவது. நாடகத்துக்குக் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.