பியூகிளுக்கு ஐந்தே சுரம்

ஜனவரி பிறந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பள்ளி மைதானங்களில் சைடு டிரம் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை. வருடா வருடம் அதே இரண்டு மூன்று மெட்டுகள்தான். உலகப் புகழ்பெற்ற 'மார்ச்' (அணிவகுப்பு நடைக்கான இசை) ஒன்றை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எழுதித் தர முடியாதா என்றால், முடியும். ஆனால் கஷ்டமான இடத்தையெல்லாம் வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதை ஊதும் கருவியின் குழாய்க்குள் இருக்கும் காற்றும் பிள்ளையின் உதடும்தான் தீர்மானிக்கின்றன.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசாவின் 'வாஷிங்டன் போஸ்ட்' மார்ச்சை எடுத்துக்கொள்வோம். அதே பெயருள்ள நாளிதழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. அதன் பரிசளிப்பு விழாவுக்காக 1889-இல் எழுதப்பட்ட மார்ச் இது. சூசா 1932-இல் காலமானார். இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நம் நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பதால், மூலத்தை வைத்து நாமே எழுதிக்கொள்ளலாம். வேறொருவர் அண்மையில் எழுதி விற்கும் தழுவலை ஜெராக்ஸ் எடுப்பது வேறு கதை.

இதன் தாளம் மேற்கத்தியக் கணக்கில் 6/8. நமக்குத் திஸ்ரம் என்றால் புரிந்துவிடும்: காலடிக்கு ஒரு 'தகிட'. நிமிடத்துக்கு 120 அடி நடந்தால் நொடிக்கு ஆறு சுரம், ஆறுக்கும் நாக்கு தட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முடியாத வேகம். நடுவில் உள்ள 'கி'யை எடுத்துவிட்டு முதல் சுரத்தை நீட்டி, 'தா-ட, தா-ட' என்று எழுதினால் துள்ளல் அப்படியே நிற்கும். மூன்றை இரண்டாகச் சமப்படுத்தி எழுதுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் லெஃப்ட் ரைட் மிஞ்சும், சூசா மிஞ்ச மாட்டார்.

அப்புறம் பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழல். அதற்கு வால்வு கிடையாது, குழாயின் நீளமும் மாறாது. உதடு அதிரும்போது உள்ளே இருக்கும் காற்று எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒத்துப்போகாது. அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4, 5, 6 மடங்குகளில்தான் நன்றாகப் பேசும். நம் கணக்கில் அவை ச, ப, மேல் ச, க, மேல் ப. ரி, ம, த, நி எல்லாம் வரவே வராது. டிரம்பெட்டில் உள்ள மூன்று வால்வுகள் கூடுதல் குழாயைச் சேர்த்து அந்த இடைவெளிகளை நிரப்புகின்றன. ஆனால் அதிலும் மேலே போகப் போக உதடு இறுக வேண்டும், மூச்சின் அழுத்தமும் கூட வேண்டும். ஆகவே மெட்டைச் சில சுரம் கீழே இறக்கி, மார்ச்சின் 'ச'வும் பியூகிளின் 'ச'வும் ஒன்றாக இருக்கும்படி எழுதுவது முதல் வேலை.

சிக்கல் பின்பாதியில் வருகிறது. சூசாவின் மார்ச்சுகளில் பெரும்பாலும் 'ட்ரியோ' என்ற பகுதியில் சுருதி மாறும். பழைய ம புதிய ச ஆகிவிடும், நம் மத்யம சுருதிப் பாட்டுகளைப் போல. இப்போது பியூகிளின் ச, க, ப மூன்றும் புதிய கணக்கில் ப, நி, ரி. புதிய 'ச' அதனிடம் இல்லவே இல்லை. இதனால்தான் பல தழுவல்களில் சுருதி மாற்றத்தையே தூக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மார்ச்சின் அழகே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. மேலும் ப, நி, ரி மூன்றும் சேர்ந்து ஒலித்தால் காது அடுத்து 'ச'வை எதிர்பார்க்கும். ஒவ்வொரு வரியும் முடிவதற்குச் சற்று முன்னால் பியூகிள்கள் அந்த மூன்றையும் முழக்கட்டும், டிரம்பெட்டுகள் 'ச'வில் வந்து இறங்கட்டும். இறங்கும் இடத்தில் பியூகிள் தன் பழைய 'ச'வை, அதாவது புதிய 'ப'வை, நீட்டிப் பிடித்தால் பொருத்தமாகவே இருக்கும்.

ஆனால் பியூகிளை நெடுநேரம் சும்மா விடக் கூடாது. ஓசூர்ப் பக்கம் ஜனவரி அதிகாலையில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். 15 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, 28 டிகிரியில் 348. ஒலியின் வேகம் மாறினால் குழாயின் சுருதியும் அதே அளவில் மாறும், அதாவது சுருதியில் இரண்டு சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஊதும் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் முழு வித்தியாசமும் காதில் விழாது. ஊதாமல் கையில் வைத்திருக்கும் பித்தளை சீக்கிரம் ஆறி, சுருதி இறங்கிவிடும்.

கிளாரினெட் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புல்லாங்குழலில் அதே விரலடைப்பில் ஓங்கி ஊதினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு முனை அடைத்த குழாய் போல நடந்துகொள்ளும் கிளாரினெட்டோ ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாவிவிடும். அந்தத் தாவலைக் கடக்கும் இடத்தில் ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். புதிதாகக் கற்கிறவருக்கு அங்கேதான் கீச்சொலி வரும். இரண்டாம் கிளாரினெட்டை முழுக்கவும் அந்த எல்லைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பாஸ் டிரம்மை அணியின் நடுவில் நிறுத்துங்கள். 17 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதன் அடி 0.05 நொடி தாமதமாகக் கேட்கும், காலடி ஒன்றில் பத்தில் ஒரு பங்கு. முன்வரிசை அதைக் கேட்டு ஊதினால் பின்வரிசைக்கு இன்னும் தாமதம். பேண்டு மாஸ்டரின் கோலைப் பார்த்து ஊதினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.