டிஃப் என்பது வேறுபாடு, மாற்றம் அல்ல

டிஃப்: பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வழங்கும் கணினிச் சொல். ஒரு கோப்பின் இரண்டு பதிப்புகளையோ ஒரு தரவு மாதிரியின் இரண்டு பதிப்புகளையோ எதிரெதிரே வைத்துப் பார்க்கும் கட்டளைக்கு இந்தப் பெயர். அந்தக் கட்டளை திரையில் எழுதித் தரும் பட்டியலுக்கும் இதே பெயர்தான். “ஒரு டிஃப் போட்டுப் பாருங்க” என்றால் செயல். “அந்த டிஃப்பை அனுப்புங்க” என்றால் பட்டியல். தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடுகிறவர்கள் தடுமாறுவது இந்த இரட்டை வேலையால்தான்.

சொல்லின் பிறப்பில் மர்மம் ஏதும் இல்லை. டிஃபரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நறுக்கியது. அதன் வேர் லத்தீனில் உள்ள டிஃபெர்ரே. டிஸ் என்றால் விலக, ஃபெர்ரே என்றால் சுமந்து செல். இரண்டும் சேர்ந்து ‘விலக்கிக் கொண்டுபோ’ என்று பொருள் தரும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் இந்த நிரலை எழுதினார். 1974-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு அது வெளியே வந்தது. அந்தக் காலத்து யூனிக்ஸ் கட்டளைகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு எழுத்துப் பெயர்கள்தான். டிஃப்பும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

1976-இல் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் அதன் செய்முறையை ஓர் ஆய்வறிக்கையாக எழுதினார்கள். அதிலுள்ள அடிப்படை யோசனை அழகானது. நிரல் வேறுபாட்டைத் தேடிப் போவதில்லை. இரண்டு கோப்புகளிலும் அதே வரிசையில் வரும் வரிகளில் மிக நீளமான பொதுத் தொடர் எது என்று முதலில் கண்டுபிடிக்கிறது. ஒத்துப்போனவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பதுதான் வேறுபாடு. 1986-இல் யூஜின் மையர்ஸ் இதே வேலைக்கு இன்னொரு வழிமுறையை வெளியிட்டார். கோப்புகளின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் இன்று பயன்படுத்தும் இயல்பான முறை அவருடையதுதான். இடையில் 1985-இல் லாரி வால் பேட்ச் என்ற நிரலை வெளியிட்டார். முழுக் கோப்பையும் அனுப்பாமல் டிஃப் பட்டியலை மட்டும் அனுப்பினால் போதும், வாங்குபவர் அதைத் தன் பிரதியில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற வசதி அப்போதுதான் பரவியது. நாம் இன்று பார்க்கும் கூட்டல், கழித்தல் குறிகளுடனான வடிவம் 1990-இல் வேய்ன் டேவிசன் கொண்டுவந்தது.

இதுவரை சொன்னது வரிகளை ஒப்பிடும் கதை. தரவு மாதிரிக்கு வரும்போது வரி என்ற அலகே போதாமல் போகிறது. தரவு மாதிரி என்பது எந்தெந்த அட்டவணைகள், அவற்றில் எந்தெந்தப் புலங்கள், ஒவ்வொன்றின் வகை என்ன, எது எதோடு தொடர்புடையது என்ற வரையறை. (தரவு மாதிரி வேறு, மாதிரித் தரவு வேறு. பின்னது சோதனைக்காகப் போட்டுவைக்கும் பொய்த் தகவல். பேச்சில் இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன.) வரையறைக் கோப்பில் இரண்டு புலங்களை மேலும் கீழுமாக இடம் மாற்றி எழுதினால் வரி டிஃப் அதை வேறுபாடு என்று காட்டும். பெரும்பாலான மாதிரிகளில் அந்த வரிசைக்குப் பொருளே இல்லை. அதனால் மாதிரிகளை ஒப்பிடும் கருவிகள் வேறு வழியில் போகின்றன. எக்லிப்ஸ் என்ற மென்பொருள் குழுவின் இஎம்எஃப் கம்பேர் என்ற கருவி முதலில் பழைய மாதிரியின் இந்த உறுப்புக்குப் புதியதில் இணை எது என்று பொருத்திப் பார்க்கிறது. அடையாள எண் இருந்தால் அதை வைத்து, இல்லையென்றால் ஒத்த தன்மையை வைத்து. பொருத்தம் முடிந்த பிறகுதான் வேறுபாட்டுக்கே வருகிறது. மெக்கில்ராயின் யோசனைதான், வரிக்குப் பதில் உறுப்பு.

இனி தமிழ்ச் சொல். வித்தியாசம் வடமொழி வழி வந்தது; எல்லோருக்கும் புரியும், பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். ஒப்பீடு என்பது செயலைக் குறிக்கும், பட்டியலைக் குறிக்காது. மாற்றங்கள் என்று எழுதுவது எளிதாக வந்துவிடுகிறது, ஆனால் அதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஒரு நூலகத்தின் தரவுத்தளத்தில் உறுப்பினர் என்ற அட்டவணை. அதில் கைபேசி என்று ஒரு புலம். நிலையான தொலைபேசி எண்களையும் சேர்க்கலாம் என்று முடிவெடுத்து, அந்தப் புலத்தின் பெயரைத் தொலைபேசி என்று மாற்றுகிறோம். செய்தது ஒரே ஒரு பெயர் மாற்றம். இப்போது ஒப்பிடும் கருவியை ஓட்டுங்கள். ‘கைபேசி என்ற புலம் நீக்கம், தொலைபேசி என்ற புலம் சேர்ப்பு’ என்று இரண்டு வரி வரும். பைத்தான் நிரல்மொழி உலகின் அலெம்பிக் என்ற தரவுத்தளக் கருவி, பெயர் மாற்றத்தைத் தன்னால் அறிய முடியாது, நீக்கமும் சேர்ப்புமாகத்தான் காட்டும் என்று தன் கையேட்டிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பட்டியலை மாற்றங்கள் என்று நம்பி, அதிலிருந்து உருவான எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்கு ஆணையிடும் மொழி) நிரலை அப்படியே ஓட்டினால் பழைய புலம் போய்விடும், அதிலிருந்த எண்கள் அத்தனையும் அதோடு போய்விடும். புதிய புலம் வெறுமையாக நிற்கும்.

கருவி பொய் சொல்லவில்லை. அதன் முன்னால் இருந்தவை இரண்டு நிலைகள் மட்டுமே. அவற்றுக்கு இடையில் நடந்தது என்ன என்பது அதற்குத் தெரியாது. இரண்டு நிலைகளை அருகருகே வைத்தால் தெரிவது வேறுபாடு. ஒன்று இன்னொன்றாக ஆன கதை மாற்றம். முதலாவதைக் கருவி சொல்லும், இரண்டாவதை மாதிரியைத் திருத்தியவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பதிப்புலகம் இந்தப் பிரிவை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் மூலத்தை நிறுவினார். பிரதிக்குப் பிரதி சொற்கள் வேறாக இருப்பதைப் பாடபேதம் என்றார்கள். இன்று பாட வேறுபாடு என்கிறோம். பாட மாற்றம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. எந்த ஏட்டில் இருப்பது மூலம், எதில் இருப்பது எழுதியவரின் கைப்பிழை என்பது பிறகு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். பட்டியல் அந்தத் தீர்ப்பை வழங்குவதில்லை.

ஆகவே என் பரிந்துரை இது: பட்டியலுக்கு வேறுபாடு, கட்டளைக்கு ஒப்புநோக்கு. பின்னது அச்சகத்துச் சொல். மெய்ப்பை மூலப்படியோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கும் வேலைக்கு ஒப்புநோக்குதல் என்று பெயர். தமிழில் வினையடியே ஏவலாகவும் நிற்பதால், கட்டளை வரியில் ‘ஒப்புநோக்கு’ என்று எழுதினால் அது பெயராகவும் ஆணையாகவும் பொருந்திவிடுகிறது. இரண்டு சொல் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். “ஒப்புநோக்கினேன், மூன்று வேறுபாடு வந்தது” என்று சொல்லிப் பாருங்கள். எது செயல், எது விளைவு என்பதில் குழப்பமே வராது.

திசையையும் மறக்கக் கூடாது. பிரிஸ்மா என்ற தரவுத்தளக் கருவியின் ‘மைக்ரேட் டிஃப்’ கட்டளைக்கு எதிலிருந்து, எதற்கு என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும். இடம் மாற்றிக் கொடுத்தால் சேர்ப்பெல்லாம் நீக்கமாகவும் நீக்கமெல்லாம் சேர்ப்பாகவும் தலைகீழாக வரும். தமிழில் இதற்குத் தனி ஏற்பாடே வேண்டாம். ‘பழையதிலிருந்து புதியதற்கு ஒப்புநோக்கு’ என்று வேற்றுமை உருபுகளே திசையைச் சொல்லிவிடும்.

அப்புறம், முடிவுக் குறியீடு, அதாவது கட்டளை ஓடி முடிந்ததும் திருப்பித் தரும் எண். யூனிக்ஸ் டிஃப் வேறுபாடு இல்லையென்றால் 0, இருந்தால் 1, ஏதாவது கோளாறு என்றால் 2 என்று திருப்பித் தரும். பிரிஸ்மாவின் கட்டளையில் முடிவுக் குறியீடு கேட்கும் தெரிவைச் சேர்த்து ஓட்டினால் 0 என்பது வேறுபாடு இல்லை, ஆனால் 1 கோளாறு, 2 தான் வேறுபாடு. ஒன்றுக்கு எழுதிய தானியங்கி நிரலை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தினால், தரவுத்தளத்தோடு இணைப்பே கிடைக்காத ஓட்டத்தை ‘வேறுபாடு உண்டு’ என்று எடுத்துக்கொள்ளும். கருவிகளுக்குத் தமிழ் முகப்பு எழுதுகிறவர்கள் எண்ணை மட்டும் விட்டுவிடாமல், ‘வேறுபாடு இல்லை’, ‘வேறுபாடு உண்டு’, ‘ஒப்புநோக்க முடியவில்லை’ என்று மூன்று செய்திகளையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்.