பம்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க

மறுபடியும் ஒருத்தர், இன்ஜினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்பற இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழட்டி சாக்குல கட்டி எடுத்துட்டு வந்து, பம்ப் போயிடுச்சு, முழுசா பண்ணிக் குடுங்கன்னு டேபிள் மேல வச்சார். ஏலத்துல எடுத்த பழைய மிலிட்டரி டிரக், எம்35ஏ2. பம்பைத் தனியா ஓட்டிப் பார்க்கற டெஸ்ட் பெஞ்ச்ல மாட்டிப் பார்த்தா ஆறு லைன்லயும் டீசல் அளவா வருது, பம்புல ஒரு குறையும் இல்ல. சரின்னு வண்டியைப் போய்ப் பார்த்தா டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில மெல்லிசா வெடிச்சிருக்கு. அவ்வளவுதான் கோளாறு. ஆனா அதுக்குள்ள பம்பைக் கழட்டும்போது டைமிங் மார்க் (திரும்ப மாட்டும்போது இன்ஜினோட சரியா சேர்க்கறதுக்கான அடையாளம்) வைக்கல, திறந்து கிடந்த வாய்ல எல்லாம் சாக்குத் தூசி. ஹோஸ்ல முடிய வேண்டியது பம்ப் சர்வீஸ், டைமிங், லைன் கிளீனிங்னு போயிடுச்சு. இது ஒரு தடவை நடந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன். திரும்பத் திரும்ப இதேதான் வருது, அதான் எழுதறேன்.

எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை: "கீழ ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகலையே, லைன் நல்லாத்தான் இருக்கு." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. ஒழுகலைன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க! டேங்க் கீழ இருக்கு, பம்ப் மேல இருக்கு, பம்ப் இழுத்துத்தான் டீசல் வருது. இழுக்கற லைன்ல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். ஸ்ட்ரால சின்ன ஓட்டை விழுந்தா ஜூஸ் கீழ சொட்டுதா? இல்லையே, வாய்க்கு வெறும் காத்துதான வருது, அதே கதைதான். வெளிய துடைச்சு வச்ச மாதிரி காஞ்சு இருக்கும், உள்ள நுரையா போயிட்டிருக்கும். ராத்திரி நிறுத்தினா அந்த ஓட்டை வழியா காத்து ஏறி லைன்ல இருக்கற டீசல் மொத்தமும் டேங்குக்குத் திரும்ப இறங்கிடும். காலைல செல்ஃப் அடிச்சா பம்புக்குள்ள மிச்சம் இருக்கறதுல ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரம் ஓடி நின்னுடும், அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் வராது. இந்த அறிகுறியோட வர்ற வண்டில நான் பம்பைத் தொடவே மாட்டேன், முதல்ல ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர், ஃபில்டர் ஓ-ரிங்கைத்தான் பார்ப்பேன்.

எம்35ஏ2 மாதிரி எல்டிடி-465 மல்டிஃபியூவல் (பல எரிபொருள்ல ஓடற) இன்ஜின் வண்டில இன்னொரு குழப்பம் சேர்ந்துக்கும். அதுல டேங்குக்குள்ளயே 24 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் ஒண்ணு இருக்கு, மேல இன்ஜெக்‌ஷன் பம்போட சேர்ந்து இழுக்கறதுக்கு சப்ளை பம்ப் தனியா இருக்கு. டேங்க் பம்ப் ஓடற வரைக்கும் லைன்ல பிரஷர் இருக்கும், ஓட்டை இருந்தா டீசல் வெளிய கசியும், கண்ணுக்குத் தெரியும். டேங்க் பம்ப் செத்துட்டா மேல இருக்கற பம்ப் இழுத்தே வண்டி ஓடிடும், ஓனருக்குத் தெரியவே தெரியாது. ஆனா நேத்து வரைக்கும் டீசல் கசிஞ்ச அதே ஓட்டைல இன்னிக்குக் காத்து ஏறும். "கசிவு தானா நின்னுடுச்சு சார், ஆனா அதுக்கப்புறம்தான் வண்டி இழுக்க மாட்டேங்குது"ன்னு ஒருத்தர் சொன்னார். அவர் வாயாலயே கோளாறு என்னன்னு சொல்லிட்டார், அவருக்குத்தான் புரியல. செல்ஃப் அடிக்காம ஸ்விட்சை மட்டும் போட்டு டேங்க் பக்கத்துல காதை வைங்க, ம்ம்ம்னு சத்தம் வரணும். வரலையா, டெஸ்ட் லாம்ப் எடுத்து அந்த கனெக்டருக்குக் கரண்ட் வருதான்னு பாருங்க. பழைய மிலிட்டரி வயரிங்ல பம்பை விட எர்த் துரு புடிச்சுப் போறதுதான் அதிகம்.

சந்தேகம் தீரலையா? ஒரு சுத்தமான கேன்ல வடிகட்டின டீசல் ஊத்தி இன்ஜினுக்கு மேல உயரத்துல, எக்ஸாஸ்ட் பக்கம் போகாம, ஆடாம கட்டுங்க. அதுல இருந்து நேரா சப்ளை பம்ப் வாய்க்கு ஒரு ஹோஸ். ஏர் எடுத்து, அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளிய விட்டு, ஸ்டார்ட் பண்ணுங்க. கேன்ல நல்லா ஓடுதுன்னா பம்ப் நல்லா இருக்கு, கோளாறு டேங்க் பக்கம். இதுக்கு ஆகற செலவு ஒரு முழம் ஹோஸ்தான், இதைச் செய்யாம பம்பைக் கழட்டாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பம்ப் வாய்க்கு முன்னாடி கொஞ்ச தூரம் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டுப் பார்த்தாலும் தெரியும், ஆரம்பத்துல நாலஞ்சு குமிழி வரும், அது பரவாயில்ல, விடாம வந்துட்டே இருந்தா காத்து ஏறுது.

வண்டி அரை மணி நேரம் நல்லா ஓடிட்டு அப்புறம் மூச்சு வாங்குதா? டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா வென்ட், அதாவது டேங்குக்குள்ள காத்து போற வழி, அடைப்பு. சில மிலிட்டரி டிரக்குல தண்ணில இறங்கிப் போறதுக்காக டேங்க் வென்ட்டைக் குழாய் வச்சு மேல கொண்டு போயிருப்பாங்க, வருஷக்கணக்கா நின்ன வண்டில அந்தக் குழாய்க்குள்ள குளவி மண் வச்சிருக்கும். அதே மாதிரி இன்ஜினை நிறுத்தற ஸ்டாப் கேபிள் முழுசா உள்ள போயிருக்கான்னும் பாருங்க, துரு புடிச்சுப் பாதில நின்னுட்டா டீசலே போகாது.

நின்ன வண்டின்னா டேங்கை அடியில திறந்து வடிச்சே ஆகணும். தண்ணி வரும், துரு வரும், கறுப்பா கொழகொழன்னு ஒண்ணு வரும். அந்தக் கொழகொழப்பு தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல வளர்ற கிருமி, ஃபில்டரை மாத்தினா மட்டும் போகாது, டேங்கையே கழுவணும். எம்35ஏ2-ல ஃபில்டர் மூணு, ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஃபில்டர் மாத்திட்டேன்னு சொல்லாதீங்க. சல்ஃபர் நிறைய இருந்த டீசலுக்குப் பழகின பழைய ரப்பர் சீல், இப்ப வர்ற 10, 15 பிபிஎம் (பத்து லட்சத்துல 10, 15 பங்கு) சல்ஃபர் டீசல்ல சுருங்கிக் கசிய ஆரம்பிக்கும், பயோடீசல் கலந்தா சில பழைய ரப்பர் ஊறிப்போகும், டேங்க்ல ஒட்டியிருந்த பழைய அழுக்கும் கரைஞ்சு ஃபில்டருக்கு வரும். அதனால பழைய ஹோஸை ஒட்டுப்போட்டு ஓட்டாதீங்க, மொத்தமா மாத்திடுங்க.

ஏர் எடுக்கறது தெரிஞ்ச வேலைதான், ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியா நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சற முனை) நட்டுன்னு வரிசையா லூஸ் பண்ணிக் காத்தை விடணும். செல்ஃபை ஒரேடியா அடிச்சுட்டே இருக்காதீங்க, 15 செகண்ட் அடிச்சா ஆற விடுங்க.

ஸ்டார்ட் ஆகலைன்னு ஈதர் ஸ்ப்ரே அடிக்கறவங்களை என்ன சொல்றது! இந்த வண்டில இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள, அந்தக் காத்தை நெருப்பு வச்சு சூடாக்கற ஃபிளேம் ஹீட்டர் இருக்கு, அங்க ஈதர் போனா வெடிக்கும். அடிக்காதீங்க. மல்டிஃபியூவல்னு பேர் இருக்குன்னு பெட்ரோலையும் கழிவு ஆயிலையும் ஊத்தறதும் வேண்டாம். அது சண்டைல டீசல் கிடைக்காதப்ப வண்டி நிக்கக் கூடாதுன்னு செஞ்சது. பம்புக்குள்ள வழவழப்பு குடுக்கறது எரிபொருள்தான், பெட்ரோல்ல அது இல்ல, டீசலை அழுத்தற இத்தனை வயசான ஹைட்ராலிக் ஹெட் சீக்கிரம் தேஞ்சுடும்.

தயவுசெஞ்சு இதை மட்டும் கவனமா படிங்க. இன்ஜின் ஓடும்போது நாசில் லைன்ல எங்க கசியுதுன்னு விரல் வச்சுத் தடவாதீங்க. 100 பார் பிரஷருக்கு மேல போற டீசல் தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிடும். பார்த்தா ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், அப்ப வலி கூடப் பெருசா தெரியாது, உள்ள சதை அழுக ஆரம்பிச்சிருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் பிரஷரோட உள்ள போயிருக்குன்னு அழுத்திச் சொல்லுங்க, ஆபரேஷன் தள்ளிப்போனா விரலையே எடுக்க வேண்டி வரும். கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும், முகத்தையும் தள்ளியே வைங்க.

பம்பே போறது இல்லைன்னு சொல்ல வரல, போகும். டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் குறையறதுக்குப் பதிலா ஏறி, மோந்து பார்த்தா டீசல் வாடை வந்துச்சுன்னா வண்டியை அப்பவே நிறுத்துங்க. பம்ப் பக்கம் இருந்து டீசல், இன்ஜின் ஆயில் இருக்கற கிராங்க்கேஸுக்கு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிடும். கேன் வச்சும் ஓடலைன்னாலும் பம்பையும் நாசிலையும் சேர்த்துக் கொண்டு வாங்க. கழட்டறதுக்கு முன்னாடி டைமிங் மார்க் வச்சு ஃபோட்டோ எடுங்க, ஒவ்வொரு வாயையும் சுத்தமான பிளாஸ்டிக் மூடி போட்டு அடைங்க. தயவுசெஞ்சு சாக்குல கட்டாதீங்க.