ரெண்டாவது என்றாலும் பச்சை உடம்புதான்

தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு, அப்புறம் அம்மா வீடு, மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் புகுந்த வீடு. அதுவே இரண்டாவது என்றால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே காட்சி வேறு. கையில் பச்சிளங்குழந்தை, ஆட்டோவில் ஏறியதும் மடியில் தொற்றிக்கொள்ளும் மூன்று வயது மூத்தது. "பெரியவனுக்கு ஸ்கூல் இருக்கே, அதான் அம்மா வீட்டுக்குப் போகல." ஐந்தாம் நாள் அடுப்படி. எட்டாம் நாள் ஸ்கூல் வேன் நிற்கும் தெருமுனை வரை நடை. பத்தாம் நாள் ராத்திரி, நான்கைந்து நாப்கின் நனைந்த பிறகு காஷுவாலிட்டி. இப்படி ஒரு கேஸ் வராத மாதம் இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் கூட வந்தவர்கள் சொல்வது ஒரே பதில்: "ரெண்டாவதுதானே டாக்டர், அவளுக்கு எல்லாம் பழகினதுதானே?"

பழகியிருப்பது கை. குழந்தையைத் தூக்க, குளிப்பாட்ட, ஏப்பம் எடுக்கவைக்கக் கை பழகியிருக்கும். கர்ப்பப்பைக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடத்தில், கர்ப்பப்பையின் உள்சுவரில், ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருக்கிறது. முதல் பிரசவத்திலும் அதே அகலம், இரண்டாவதிலும் அதே அகலம். ஆற ஆறு வாரம் ஆகும். இதே புண் முழங்காலில் இருந்தால் நடக்கவிடுவீர்களா? தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்வீர்களா? வெளியே தெரியாத புண் என்பதால்தான் இத்தனை அலட்சியம். பிரசவம் முடிந்தவுடன் சுமார் ஒரு கிலோ எடை இருக்கும் கர்ப்பப்பை அந்த ஆறு வாரத்தில்தான் நூறு கிராமுக்கும் கீழே சுருங்குகிறது. இரண்டாவது பிள்ளை என்பதற்காக அது மூன்று வாரத்தில் சுருங்கிக் கொடுப்பதில்லை.

சொல்லப்போனால் இரண்டாவது முறை உடம்புக்குச் சிரமம் கூடுதல். முதல் முறை கர்ப்பப்பைத் தசை இறுகினால் இறுகியபடி நிற்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் இறுகும், தளரும், மறுபடி இறுகும். அதனால்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அடிவயிறு பிசைவதுபோல் வலிக்கிறது. "முதல் குழந்தைக்கு இப்படி வலிக்கலையே" என்று பயந்துபோய்க் கேட்காத இரண்டாவது தாய் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று நான்கு நாளில் அடங்கும். எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்ளுங்கள், அது பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, முட்டினாலும் முட்டாவிட்டாலும் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் தள்ளிப் பிடிக்கும். வலியும் கூடும், ரத்தமும் கூடும்.

ரத்தப்போக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு. பிறகு பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. பத்து நாளுக்குப் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை, அதுவும் ஆறு வாரத்துக்குள் நிற்கும். ஏழு முதல் பதினான்கு நாளுக்குள், உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும்போது கொஞ்சம் சிவப்பாகப் போகலாம். ஓரிரு மணி நேரத்தில் தானாக அடங்க வேண்டும். அடங்காமல் மணிக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைந்து அடுத்த மணியும் அப்படியே போனால், எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கட்டி விழுந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வேலை செய்ததால்தான் இப்படிப் போகிறது என்று நான் சொல்லவில்லை. நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம். ஆனால் படுத்திருப்பவளுக்கு மாற்றம் உடனே தெரியும். மூத்ததற்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பவளுக்கு நாலாவது நாப்கின் நனைந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். இதை எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் பெரியவர்கள் விடுவதில்லை. "தண்ணி குடிச்சா வயிறு தொப்பை போட்டுடும்", "தையல் சீழ் பிடிச்சுடும்" என்று ஒரு நாளைக்கு இரண்டே டம்ளர், அதுவும் சுக்குத் தண்ணீர். முழுதாகப் பால் சுரக்கும் தாயின் உடம்பிலிருந்து நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பாலாகவே போகிறது. வியர்வையும் சிறுநீரும் தனி. அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? ரத்தத்திலிருந்துதான். பிள்ளை பெற்றவளுக்கு முதல் ஆறு வாரம் ரத்தம் சாதாரணத்தை விட எளிதாக உறையும். பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. அதன் மேல் தண்ணீரையும் குறைத்தால் காலில் உறைகட்டி, சில சமயம் மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரையிலேயே உறைகட்டி. விடாத தலைவலி, வாந்தி, பிறகு வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது. நம் ஊர் நரம்பியல் வார்டுகளுக்கு இது புதிய நோயல்ல. மலச்சிக்கலும் மூலமும் சிறுநீர்த் தாரை எரிச்சலும் இதற்கு முன்னால் சின்ன விஷயம், ஆனால் அவைதான் அடிக்கடி வரும். தொப்பைக்குக் காரணம் தண்ணீர் இல்லை, விலகிய வயிற்றுத் தசை. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதைக் குடித்து முடித்தால் அன்றைய கணக்கில் பெரும்பகுதி தீர்ந்தது.

பத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, அளவோடு லேகியம், எல்லாம் சரி. கீரை, பழம், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ரசம் சாதம் போடுவதுதான் தப்பு. பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாகத் தேவை. (கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு லேகியத்தில் சேரும் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.)

வயிற்றில் துணி கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. இறுக்கிக் கட்டினால் உள்ளழுத்தம் மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கும். கீழே இருப்பது இரண்டு பிரசவத்தில் தளர்ந்த இடுப்படித் தசை. "அடி இறங்கின மாதிரி இருக்கு டாக்டர்" என்று நாற்பது வயதில் வருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருமினால் கசிகிறது, தும்மினால் கசிகிறது என்பதும் இதே கதைதான். துணிக்குப் பதில் பயிற்சி: வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல், முடிந்தவரை, அதிகபட்சம் பத்து நொடி பிடித்து விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், அது தொற்றை வரவழைக்கும். எட்டாவது வாரத்தில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

சிசேரியனுக்குப் பின் ஆறு வாரம், பிறந்த குழந்தையின் எடையைத் தாண்டி எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். வாசலில் காத்திருக்கும் பன்னிரண்டு கிலோ மூத்தது 'தூக்கு' என்று கையை நீட்டுகிறது. என்ன செய்வாள் பாவம்? கட்டிலில் உட்காருங்கள், அதுவே ஏறி மடிக்கு வரட்டும். குளிக்க வைப்பதும் தூக்கிப் போவதும் அப்பாவின் வேலை, ஆறு வாரத்துக்கு மட்டுமாவது. படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுங்கள். பழைய தழும்பைத் திறந்து எடுத்த இரண்டாவது சிசேரியன் என்றால் உள்ளே ஒட்டியிருந்ததையெல்லாம் பிரித்திருப்போம், வலி கூடுதலாகவே இருக்கும். இடுப்பு வலிக்கு முதுகில் போட்ட ஊசியைத் திட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். தலையணை வைக்காமல் குனிந்து பால் கொடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

ரத்த அழுத்தம் பிரசவத்தோடு இறங்கிவிடும் என்று நினைப்பதும் தப்பு. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்கு வரும், அதாவது நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு. தலைவலியோடு பார்வை மங்கினால், மேல் வயிறு வலித்தால், முகம் வீங்கினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்த்துவிடுங்கள். 140/90-க்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டர். 160/110 என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரி.

மனசு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. முதல் பிரசவத்தில் வந்திருந்தால் இரண்டாவதில் வர வாய்ப்பு அதிகம், கர்ப்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவது தாய் இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை, "ஒண்ணை வளர்த்தவதானே நீ" என்பார்களே என்று. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். திடீரென்று தொடர்பில்லாமல் பேசுவது, யாரோ பேசுவதாகக் கேட்பது, பிள்ளையைத் தன் பிள்ளையே இல்லை என்பது இதெல்லாம் வேறு வகை, அவசர வகை. தயவுசெய்து மந்திரிக்கக் கூட்டிப் போய் நாளைத் தள்ளாதீர்கள். அம்மாவையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

மூத்ததின் கதைக்கு வருவோம். பெரியவர்களே, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், பாப்பாதான் சொந்தப் பிள்ளை" என்ற கிண்டலை இந்த வீட்டில் மட்டும் வேண்டாம். மூன்று வயதுக்கு அது கிண்டல் இல்லை, தகவல். படுக்கையில் மறுபடி மூத்திரம் போவது, பால் புட்டி கேட்பது, பாப்பாவைக் கிள்ளுவது எல்லாம் சில வாரம் வரும். அடிக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். தினம் பத்துப் பதினைந்து நிமிடம் பாப்பாவைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு மூத்ததோடு மட்டும் இருங்கள். பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு மட்டும் எடுக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் பெட்டி. மூத்தது இன்னும் தாய்ப்பால் குடிக்கிறதென்றால் நிறுத்த வேண்டியதில்லை, சின்னதுக்குத்தான் முதல் பந்தி.

வீட்டில் இரண்டு பொருள்களைப் பாருங்கள். ஒன்று, தூளி. பாப்பா தூங்காத நேரத்தில் சேலையை அவிழ்த்தோ மேலே சுருட்டியோ வையுங்கள். அதில் ஏறி முறுக்கி விளையாடிய மூத்த பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்தி நம் ஊர்ப் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டு, இரும்புச்சத்து மாத்திரை. பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கிறோம், கால்சியத்தோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, டீ காபி இல்லாமல். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. பன்னிரண்டு கிலோ பிள்ளை நான்கு மாத்திரை விழுங்கினால் வாந்தி பேதி தொடங்கலாம். பன்னிரண்டு விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிட்டாய் மாதிரி இருக்கும் அந்த அட்டையைத்தான் பெரும்பாலான வீடுகளில் தலையணைக்கு அடியில் பார்க்கிறோம். பீரோவில் பூட்டுங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அட்டையோடு ஓடி வாருங்கள். முதலில் வாந்தி எடுத்துவிட்டு அப்புறம் தெளிந்த மாதிரி இருக்கும், அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அம்மாவுக்கே ஆபரேஷன் என்று தலையாட்டுவதற்கு முன் அப்பாவைப் பாருங்கள். தழும்பில்லாத ஆண் கருத்தடை அதைவிடச் சின்ன வேலை. ஒன்று மட்டும், செய்த பிறகு மூன்று மாதம் காண்டம் போட்டாக வேண்டும், விந்துப் பரிசோதனை முடியும் வரை. முடிவெடுக்காதவர்களுக்குப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைக்கலாம். 'பால் கொடுக்கிறேன், பீரியட்ஸ் வரலை, அதனால ஒண்ணும் ஆகாது' என்பது, பிள்ளை ஆறு மாதத்துக்குள் இருந்து, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடித்து, பீரியட்ஸும் வராத வரைக்கும்தான். ஒரு நாளைக்கு இரண்டு புட்டி பவுடர் பால் போனாலே அந்தக் கணக்கு போச்சு.

45-ம் நாள் ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டி மட்டும் வருகிறார். அன்றைக்கு அம்மாவும் வர வேண்டும். பி.பி., ஹீமோகுளோபின், தையல், கருத்தடை, கசிவு இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எங்களுக்குக் கேட்க நிறைய இருக்கிறது. மூத்ததை அப்பா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.