நடாத மரங்களை எண்ணுவது எப்படி?

மரம் நடும் திட்டத்தில் கணக்கு எளிது. வாங்கிய கன்றுகள் இத்தனை, தோண்டிய குழிகள் இத்தனை, ஓராண்டு கழித்துப் பிழைத்தவை இத்தனை என்று எழுதிவிடலாம். மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் தாமாகவே எழும் மரங்களுக்கு அத்தகைய ரசீது ஏதும் இல்லை. அவற்றை எண்ணுவதில் உள்ள சிக்கல்களை விளக்க, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நைஜரின் தெற்கே மராடி வட்டாரத்தில் மரக்கன்றுகள் நட்டுவந்த ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, நட்டவற்றில் பெரும்பாலானவை கருகிப்போவதைக் கண்டு சோர்ந்திருந்தார். 1983இல் ஒருநாள், மணலில் வண்டி புதையாமலிருக்க டயரின் காற்றைக் குறைப்பதற்காக இறங்கியவர், அருகிலிருந்த புதர் ஒன்றின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதரல்ல, வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை விட்டிருந்த துளிர். அத்துளிர்களில் நேரான சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால், ஆழத்தில் உயிரோடிருக்கும் பழைய வேர் அவற்றை விரைவில் மரமாக்கிவிடும். உழவர்கள் இம்முறையைக் கைக்கொள்ள, கம்பு விளையும் வயல்களுக்குள்ளேயே மரங்கள் எழுந்தன.

இந்த மாற்றத்தின் முழு அளவு, ஆய்வாளர்கள் பழைய வான்வழிப் படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்ட பின்னரே, அதாவது ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே வெளியுலகுக்குத் தெரிந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரங்கள் என்று இன்று சொல்லப்படுவது மதிப்பீடுதான். ஒவ்வொன்றாக எண்ணிய கணக்கல்ல. அந்த வேறுபாட்டை அறிக்கை மறைக்கக் கூடாது.

அவ்வளவு காலம் அது கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். 5 மீட்டர் விட்டத்துக்குக் கிளை விரித்த ஒரு மரத்தின் தலைப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர்தான். அந்தப் புள்ளியில் அது நூற்றில் இரண்டு பங்கு. மழைக்காலத்திலோ பயிரின் பசுமை அதையும் விழுங்கிவிடும். அதனால் படத்தைக் கோடையில் எடுக்க வேண்டும். நைஜர் வயல்களில் மிகுதியாக உள்ள காவோ மரம் (நம் கருவேலத்துக்கு உறவு) மழையில் இலையுதிர்த்துக் கோடையில் தழைப்பது என்பதால், அப்போதுதான் அது தெளிவாகத் தெரியும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, மிகத் துல்லியமான படங்களில் மரங்களை அடையாளம் காணக் கணினியைப் பயிற்றுவித்து, மேற்கு ஆப்பிரிக்க வறள்நிலங்களில் 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 180 கோடிக்கு மேற்பட்ட மரங்களைக் கண்டறிந்தது. பெருஞ்சாதனைதான். எனினும் 3 சதுர மீட்டருக்கு மேல் தலை விரித்தவை மட்டுமே அந்தக் கணக்கில் வந்தன. இந்த ஆண்டு துளிர்த்தது எதுவும் வானிலிருந்து தெரியாது. மறுவளர்ச்சியின் தொடக்கம் தரையில்தான் தெரியும்.

தரையில் எண்ணுவதற்கு முதல் தேவை, வேலை தொடங்குமுன் எடுக்கும் அடிப்படைக் கணக்கு. உயிருள்ள கட்டைகள் எத்தனை, என்ன இனம் என்று அப்போதே பதியாவிட்டால், முன்பே நின்ற மரமும் திட்டத்தின் வெற்றியாக ஏறிவிடும். அடுத்து, பாதையோரம் வசதியாக இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில் நிலையான அளவைக் கட்டங்களைக் குறித்து, ஆண்டுதோறும் அதே பருவத்தில் அங்கேயே திரும்பிச் செல்ல வேண்டும். 40 கட்டைகளில் ஐந்தைந்து துளிர்கள் இருந்தால் 200 மரங்கள் என்று எழுதுவது தவறு. மரம் 40, தண்டு 200. சென்ற ஆண்டு 100 கன்றுகள், இந்த ஆண்டும் 100 என்றால் எல்லாம் பிழைத்தன என்றும் பொருளாகாது. 70 செத்து 70 புதிதாக முளைத்திருக்கலாம். கன்று ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு கட்டுவது இதற்காகத்தான்.

அறிக்கையில் நட்டவை, கட்டையிலிருந்து துளிர்த்தவை, விதையிலிருந்து முளைத்தவை மூன்றும் தனித்தனியே நிற்க வேண்டும். திட்டம் கை வைக்காத பக்கத்து நிலத்தின் எண்ணும் அருகிலேயே இருக்க வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டின் பலனைத் திட்டத்தின் பலன் என்று சொல்லிவிடாமல் காப்பது அந்த ஒப்பீடுதான். கணக்கு அட்டவணையில் இன்னொரு பத்தியையும் நான் வலியுறுத்துவேன்: அழிந்த கன்று எதனால் அழிந்தது? ஆடு மேய்ந்ததா, விறகுக்குப் போனதா, உழவில் சிக்கியதா என்பதை ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் அளவையாளரால் நிரப்ப முடியாது. நாள்தோறும் அந்த வரப்பில் நடக்கும் உழவரிடம் கேட்டே அதை எழுத வேண்டும்.